மசாலா ஆலை நடத்தும் வாசகர் வணிக உத்தியைக் கற்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் என் அப்பா முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் மசாலாப் பொடி ஆலையை, பி.காம். முடித்த நான் இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி, கறி மசாலா என 34 வகைச் சரக்கு இருக்கிறது. மளிகைக் கடைகளுக்கு எங்கள் பெயரில் பாக்கெட் போடுகிறோம். கல்யாணச் சமையல்காரர்களுக்கும் ஓட்டல்களுக்கும் மொத்தமாகக் கொடுக்கிறோம். மூன்று நிறுவனங்களுக்கு அவர்கள் பெயரில் தயாரித்துத் தருகிறோம். விற்பனை கூடுகிறது, கையில் பணம் நிற்பதில்லை. நான்கு நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். கட்டம் கட்டமாகப் பல படங்கள் காட்டினார்கள். கடைசி நாளில் ‘ஐந்தாண்டில் 25 கோடி’ என்று எழுதி வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு எதைச் செய்வதென்று தெரியவில்லை. வணிக உத்தியை அடிப்படையிலிருந்து உயர்நிலை வரை முறையாகக் கற்க என்ன வழி? எம்.பி.ஏ. சேர வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

பயிலரங்கைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைவிட, “விற்பனை கூடுகிறது, கையில் பணம் நிற்பதில்லை” என்ற வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஐந்தாண்டில் 25 கோடி என்பது ஆசை. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் இலக்கு. உத்தி என்பது வேறு. கையில் இருக்கும் பணம், ஆள், நேரம் ஆகிய மூன்றும் அளவோடுதான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, எந்த வாடிக்கையாளருக்கு, எதை, எந்த வகையில் கொடுத்தால் நாம் மற்றவரைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று தீர்மானிப்பதும், அந்தத் தீர்மானத்துக்காக வேறு எவற்றைக் கைவிடுகிறோம் என்று தெரிந்து கைவிடுவதும்தான் உத்தி. கைவிட்டது எது என்று சொல்லத் தெரியாத நிறுவனத்தில், விற்பனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உத்தி என்று எதுவும் இருப்பதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் கோவையில் வார்ப்பாலை நடத்திவந்த பெரியவர் ஒருவரிடம் ஆலோசகனாகப் போயிருந்தேன். அவருடைய மேசை இழுப்பறையில் நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டு இருந்தது. வந்த ஆர்டர்களுக்குத் தனிப் பேரேடு உண்டு. இந்த நோட்டில் இருந்தவை அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆர்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, கேட்டவர், கேட்ட எடை, அவர் சொன்ன விலை, ஏன் மறுத்தார் என்று இரண்டு வரி. ஓராண்டு கழித்து அதே பக்கத்தில் வேறு நிற மையில் இன்னொரு வரி: ‘மறுத்தது சரி’, அல்லது ‘மறுத்தது தவறு, அவர்கள் ஒழுங்காகப் பணம் கொடுக்கிறார்கள்’. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், முடிவெடுக்கும்போதே காரணத்தை எழுதிவைத்து, விளைவு தெரிந்த பிறகு அந்தக் காரணத்தைத் திருத்திக்கொண்டார். வணிக உத்தியை ஒருவர் உண்மையில் கற்பது இந்த ஒரு வழியில்தான் என்பது என் உறுதியான கருத்து. மற்ற படங்கள், கட்டங்கள், மாதிரிகள் எல்லாம் அந்த இரண்டு வரிக் காரணத்தைக் கூர்மையாக எழுத உதவும் கேள்விகள். ஆகவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நான் கீழே சொல்பவை எல்லாம் அதில் எழுதுவதற்காகத்தான்.

முதல் மூன்று மாதம் உத்தியைப் பற்றி எதையும் படிக்க வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கைப் படியுங்கள். டேலி கணக்கு மென்பொருளில் மொத்த லாபம் தெரியும். எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வந்தது, அதற்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது தானாகத் தெரியாது. ஒரு எடுத்துக்காட்டாக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்கு 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள். பொருளும் அரவையும் 60, பாக்கெட்டும் அட்டைப்பெட்டியும் 9, லைன் வண்டி, டீசல், ஆள் சேர்த்து 11, திரும்பி வரும் சரக்கு 5. மிச்சம் 15. கல்யாணச் சமையல்காரருக்கு 100 ரூபாய்க்கு விற்கும்போது பொருளும் அரவையும் 76, மூட்டை 2, வண்டி 2, கமிஷன் 5. இங்கும் மிச்சம் 15 தான். காகிதத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. இப்போது நாட்களைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் சரக்கு முப்பது நாள் கிடங்கில் இருக்கிறது என்று கொண்டால், கடைக்காரர் நாற்பது நாளில் பணம் தருகிறார். சமையல்காரர் விசேஷம் முடிந்த ஒரு வாரத்தில் தருகிறார். முதல் வியாபாரத்தில் போட்ட பணம் திரும்ப 70 நாள். ஆண்டுக்கு ஐந்து முறை சுழல்கிறது. இரண்டாவதில் 37 நாள். ஏறக்குறைய பத்து முறை. ஒரே 15 ரூபாய், ஆனால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் உங்கள் கைக்கு வருகிறது. கடை வியாபாரம் வளர வளர உங்கள் பணம் ஏன் கையில் நிற்பதில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இதைக் கண்டதும் கடைகளை விட்டுவிட்டுச் சமையல்காரர்கள் பக்கம் போய்விட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் ஆலையை ஓட்டுவது கடை வியாபாரம்தான். சமையல்காரர் ஒருவர் பக்கத்து ஊர் ஆலைக்கு மாறினால் அவரோடு 25 கிலோ மூட்டைகள் பலவும் போய்விடும். கடை வாடிக்கையாளரில் ஒருவர் போவது அவ்வளவு உறைக்காது. இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் உண்மைகளை ஒரே பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்கும் பழக்கம்தான் தொடக்கநிலைப் பாடம். 34 வகைச் சரக்குக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பொடிக்காக மாதத்துக்கு ஒரு முறை மட்டும் இயந்திரத்தைக் கழுவி ஓட்ட வேண்டியிருக்கிறது, எது கிடங்கில் மணம் போய்த் திரும்பி வருகிறது என்று உங்கள் அரவை ஆட்களைக் கேளுங்கள். அவர்களுக்குக் கணக்காளரைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தபடி, ஆலைக்கு வெளியே பார்ப்பது. ஒரு தொழிலில் கிடைக்கும் லாபத்தை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை ஒழுங்குபடுத்தித் தந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர். நேரடிப் போட்டியாளர் மட்டுமல்ல, பொருள் தருபவர், பொருள் வாங்குபவர், புதிதாக நுழையக்கூடியவர், நம் பொருளுக்குப் பதிலாக நிற்கக்கூடிய வேறொன்று ஆகிய ஐந்து பக்கத்திலிருந்தும் லாபத்தின் மீது அழுத்தம் வருகிறது என்று 1979இல் அவர் எழுதினார். பயிலரங்கில் இந்த ஐந்தையும் ஒரு படமாகக் காட்டியிருப்பார்கள். படம் போதாது, ஒவ்வொரு பக்கத்திலும் யார் நிற்கிறார் என்று ஊர்ப் பெயரோடு எழுத வேண்டும்.

உங்கள் தொழிலில் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் எழுதிக் காட்டுகிறேன். பொருள் தருபவர் என்றால் ஆந்திரத்தின் குண்டூர் மிளகாய் மண்டி, உள்ளூர் மஞ்சள் கமிஷன் கடை, மல்லிக்கு வடக்கேயும் தெற்கேயும் இருக்கும் வியாபாரிகள். இவர்களில் யாரும் தனி ஒருவராக உங்களை நெருக்க முடியாது. ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் புது மிளகாய் வத்தல் வரத்து பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை குவிகிறது. அப்போது வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கப் பணம் உள்ளவருக்கு ஆண்டு முழுவதும் ஒரு விலை. மாதாமாதம் வாங்குபவருக்கு வேறு விலை. ஆக, இந்தப் பக்கத்தில் உங்களை நெருக்குவது வியாபாரி அல்ல, உங்கள் பணமுடைதான். முதல் பாடத்தில் பார்த்த நாற்பது நாள் கடன், இங்கே வத்தல் விலையாக வந்து மறுபடியும் உங்களைக் கடிக்கிறது. நுழைய வருபவர் என்றால், பொடி அரைக்கும் ஒரு பல்வரைசர் இயந்திரமும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் போதும் என்பதால், உங்கள் தெருவிலேயே நாளைக்கு ஒருவர் தொடங்கலாம். மாற்றுப் பொருள் என்றவுடன் வேறு பிராண்டுகளை எழுதிவிடாதீர்கள். கொங்குப் பகுதியில் இன்னமும் வத்தலும் மல்லியும் வறுத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய் அரைத்து வரும் வீடுகள்தான் உங்கள் உண்மையான மாற்று. போட்டியாளர் பக்கத்தில் உங்கள் மாவட்டத்திலேயே வேர்விட்ட சக்தி மசாலா இருக்கிறது, சென்னையிலிருந்து ஆச்சி இருக்கிறது. நார்வே நாட்டு ஓர்க்லா 2007இல் எம்.டி.ஆரை வாங்கி, பிறகு கேரளத்தின் ஈஸ்டர்னையும் வாங்கியது. விளம்பரத்திலும் கடை அலமாரியிலும் இவர்களோடு நேருக்கு நேர் மோதும் பாக்கெட் வியாபாரத்தில்தான் உங்கள் பணத்தில் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கிறது என்று நினைக்கிறேன். இதை உங்கள் கணக்கு உறுதிப்படுத்துகிறதா என்று பாருங்கள்.

வாங்குபவர் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பிறர் பெயரில் தயாரித்துத் தரும் மூன்று நிறுவனங்களும் எத்தனை நாளில் பணம் தருகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. குறு, சிறு தொழில் உற்பத்தியாளருக்கு, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். அந்தக் கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவில் நிலுவையில் நிற்கும் தொகையை, வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்ற திருத்தமும் 2024இல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாவிட்டால் உடனே செய்துகொள்ளுங்கள். ஆனால் சட்டம் கையில் இருந்தும் அதைக் காட்டிக் கேட்க ஒருவர் தயங்குகிறார் என்றால், அவர் தயங்குவது ஏன் என்பதுதான் உத்தி கற்பவர் கேட்க வேண்டிய கேள்வி. அவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறதா, நீங்கள் தராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறதா? பேரம் பேசும் வலு என்பது இவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்நாட்டு வரலாற்றை நீங்கள் நிதானமாக ஆராய வேண்டும் என்று விரும்புகிறேன். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். பாக்கெட்டில் ஷாம்பு என்ற எண்ணத்துக்கு முன்னோடி அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன். ஆகவே பாக்கெட் என்பது அப்போதே புதிதல்ல. பெரிய நிறுவனங்கள் நகரத்தில் நின்றபோது அவர் சிற்றூர்களுக்குப் போனார். ஷாம்பு என்றால் என்னவென்று தெரியாத இடங்களில் சிறுவர்களின் தலையில் போட்டுத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு வந்தது ஒரு திட்டம்: எந்த ஷாம்பாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். சில மாதம் கழித்து அதை மாற்றி, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்றார்கள். பலரும் இதை விளம்பரத் தந்திரமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் போட்டியாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே பெருவாரியாக விற்கும் நிறுவனம் இதே திட்டத்தை அறிவித்தால், எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போகும் தன் சொந்த வாடிக்கையாளருக்கே இலவசமாகக் கொடுத்து நட்டப்படும். இழப்பதற்கு வாடிக்கையாளரே இல்லாத சிறியவருக்குத்தான் அது மலிவு. பெரியவர் திருப்பிச் செய்தால் அவருக்கே அதிகம் வலிக்கும்படியான ஒரு செயலைக் கண்டுபிடிப்பது, உத்திப் பாடத்தின் இடைநிலையில் நீங்கள் தேர்ச்சி பெற வேண்டிய திறமை. உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பதால் எனக்குக் கவலையும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக உங்கள் அப்பா வத்தலை எப்படி வாங்குகிறார், எப்படிக் கலக்கிறார்? தேஜா வத்தலுக்குக் காரம் அதிகம். கர்நாடகத்துப் பியாடகி நல்ல சிவப்பு கொடுக்கும், காரம் குறைவு. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு அதற்கென்று ஒரு மணம். ஆண்டுக்கு ஆண்டு மழை மாறும், வத்தல் மாறும். அப்படியிருந்தும் சமையல்காரர் ஒருவர் அண்டாவில் போடும் அதே அளவுப் பொடிக்கு அதே நிறமும் அதே காரமும் வந்துவிடுகிறது என்றால், அது ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் காம்பை ஒடித்து முகர்ந்து, விதையை நாவில் வைத்துப் பார்த்து, கலவையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான். ஐநூறு பேருக்குச் சமைப்பவருக்குச் சுவை மாறினால் மானம் போகும். அவர் விலைக்காக உங்களிடம் வரவில்லை.

கோயம்புத்தூரில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், கேரி ஹேமலோடு சேர்ந்து 1990இல் முன்வைத்த கருத்து இதைத்தான் பேசுகிறது. நிறுவனத்தைப் பொருட்களின் தொகுப்பாகப் பார்க்காமல் அடித்திறன்களின் தொகுப்பாகப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு திறன் அடித்திறனா என்று அறிய மூன்று சோதனை: அது பல சந்தைகளுக்குள் நுழைய வழி தருகிறதா, வாங்குபவர் உணரும் பயனில் அதற்குப் பெரும்பங்கு உண்டா, மற்றவர் நகலெடுப்பது கடினமா? உங்கள் அப்பாவின் கலவைத் திறனுக்கு மூன்றிலும் ‘ஆம்’ என்று பதில் வரக்கூடும். அப்படியானால் இரண்டு விஷயம் உடனே கண்ணில் படும். ஒன்று, அந்தத் திறன் ஒரே ஒருவரின் மூக்கிலும் நாக்கிலும் இருக்கிறது. இன்னும் எழுத்தில் இல்லை, உங்களிடமும் இல்லை. இரண்டு, பிறர் பெயரில் தயாரித்துத் தரும்போது நீங்கள் அரவைக் கூலிக்குச் சற்று மேலே ஒரு விலைக்கு விற்றுக்கொண்டிருப்பது இந்தத் திறனைத்தான். கலவை விகிதத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தால், நாளைய போட்டியாளருக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். ஆகவே இந்த ஆண்டு எந்தப் பயிலரங்குக்கும் போகாமல், கொள்முதல் காலம் முழுவதும் அப்பாவோடு மண்டிக்குப் போங்கள். அவர் ஒரு லாட்டை ஏன் ஒதுக்குகிறார், அடுத்ததை ஏன் எடுக்கிறார் என்று அன்றன்றைக்குக் கேட்டு எழுதுங்கள். உத்தி வகுப்புக்கான உங்கள் கட்டணமாக அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலைப் பாடத்தில் தனித்தனிச் செயல்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைப் பார்க்கப் பழக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது அது. அறுவைக்கூடத்தில் ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிக்கும்போது, பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார்; மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. அதற்குத் துணையாக நிற்பவர்கள் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்து மருத்துவமனையே பயிற்சி கொடுத்த இளம்பெண்கள். அத்தனை மேசைக்கும் நோயாளிகள் வர வேண்டுமே. அதற்கு ஊர் ஊராகக் கண் முகாம். எண்ணிக்கை கூடியதால் ஒரு சிகிச்சைக்கான செலவு இறங்கியது. அதனால் கட்டணம் செலுத்துபவரின் பணத்தில் செலுத்த இயலாதவருக்கும் சிகிச்சை தர முடிந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்சு இறக்குமதியில் விலை அதிகம் என்றபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் போய் வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள்: முகாம் இல்லாமல் இரண்டு மேசை காலியாகக் கிடக்கும், பயிற்சி பெற்ற பெண்கள் இல்லாமல் மருத்துவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும். பார்த்து நகலெடுப்பது ஏன் கடினம் என்பதற்கான விடை, எந்த ஒரு செயலிலும் இல்லை. அவற்றின் பிணைப்பில் இருக்கிறது. உங்கள் ஆலையில் பாக்கெட், மொத்தம், பிறர் பெயர் என்ற மூன்று வியாபாரமும் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கின்றனவா, அல்லது ஒரே இயந்திரத்துக்கும் ஒரே பணத்துக்கும் மல்லுக்கு நிற்கின்றனவா என்று இதன் பிறகு கேட்டால், கேள்வியின் ஆழம் உங்களுக்கே புரியும்.

இன்னொரு பாடமும் உயர்நிலையைச் சேர்ந்தது: நடந்து முடிந்ததற்குச் சொல்லப்படும் விளக்கங்களை நம்பும் முன் சந்தேகப்படுவது. ஜப்பானின் ஹோண்டா 1959இல் அமெரிக்காவில் கால் வைத்துச் சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் சந்தையைப் பிடித்தது. பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனம் 1975இல் தந்த அறிக்கை, பெருமளவு உற்பத்தியால் செலவைக் குறைத்து, சிறிய வண்டியில் நுழைந்து படிப்படியாக மேலே ஏறிய தெளிவான உத்தி என்று அதை விளக்கியது. பிறகு ரிச்சர்டு பாஸ்கேல் என்ற ஆய்வாளர், அமெரிக்காவுக்கு முதலில் போன ஹோண்டா அலுவலர்களையே சந்தித்துக் கேட்டு 1984இல் எழுதினார். அவர்கள் சொன்ன கதை வேறு. பெரிய வண்டிகளை விற்கத்தான் போனார்கள். அவை நெடுந்தூரம் ஓடி எண்ணெய் கசிந்து, கிளட்ச் பழுதாகி நின்றன. அவர்கள் லாஸ் ஏஞ்சலிசில் சொந்த வேலைக்காக ஓட்டிய 50 சிசி வண்டியைப் பார்த்துப் பலர் விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்கத் தொடங்கினார்கள். இரண்டு விளக்கத்திலும் உண்மை உண்டு. ஜப்பானில் முன்பே பெருமளவில் தயாரித்திராவிட்டால் அந்தச் சிறு வண்டி அந்த விலைக்கு இருந்திருக்காது. தோல்வியைக் கண்டு திசை மாற்றும் மனம் இல்லாவிட்டால் அது கிடங்கிலேயே இருந்திருக்கும். வகுத்த உத்தி, வழியில் உருவான உத்தி என்ற இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதைக் கனடா நாட்டுப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் விரிவாக எழுதியிருக்கிறார். அவரையும் போர்ட்டரையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒருவரை மட்டும் படித்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டது போலாகும்.

இப்போது பயிற்சி முறை. உங்கள் தொழிலுக்கு அருகில் உள்ள, பங்குச் சந்தையில் இருக்கும் ஏதாவது ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய அதன் ஆண்டறிக்கையைப் படித்து, இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், எதைக் கைவிட்டிருக்கிறார்கள், அடுத்த மூன்றாண்டில் என்ன நடக்கும் என்று உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகே அடுத்த அறிக்கைகளைத் திறங்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாரும் அறிவாளிதான். தெரிவதற்கு முன் எழுதியவருக்குத்தான் பாடம் கிடைக்கும். எம்.டி.ஆர்., ஈஸ்டர்ன் ஆகியவற்றின் உரிமையாளரான ஓர்க்லா இந்தியா 2025இல் பங்கு வெளியிட்டபோது தாக்கல் செய்த ஆவணம் பொதுவில் கிடைக்கிறது. அதில் தொழிலைப் பற்றிய அத்தியாயத்தையும் இடர்கள் பற்றிய அத்தியாயத்தையும் வரி விடாமல் படியுங்கள். உங்கள் போட்டியாளர் எதைக் கண்டு அஞ்சுகிறார் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் கட்டிய எந்த வகுப்பிலும் இது கிடைக்காது. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களானாலும், கம்பெனியாகப் பதிவு பெற்றிருந்தால், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சிறு கட்டணத்துக்கு அவற்றின் வரவு செலவைப் பார்க்கலாம்.

எம்.பி.ஏ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேறு நிறுவனத்தில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அல்லது உங்களோடு வாதிட்டுத் திருத்தக்கூடிய சக மாணவர்கள் வேண்டும் என்று தோன்றினால், நல்ல நிறுவனத்தில் சேருங்கள். அந்த வாதங்களுக்கு மதிப்பு உண்டு. ஆலையை நடத்துவதற்காக மட்டும் என்றால், எம்.பி.ஏ.வுக்குச் செலவாகும் இரண்டு ஆண்டுகளை, அப்பா நலமாக இருக்கும்போதே, அவர் பக்கத்தில் கழிப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். பாடக் கோட்பாடுகளுக்கு, ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் வணிக உத்தி பற்றிய முழுப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் பணம் கட்டினால் போதும். முதல் மூன்று மாதக் கணக்கு வேலை முடிந்த பிறகு அதில் ஒன்றைத் தொடங்குங்கள். முன்பே தொடங்கினால் ஒவ்வொரு மாதிரியும் அழகாகத் தெரியும். கணக்கு முடித்த பிறகு தொடங்கினால் எது உங்களுக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். தொடக்கநிலைக்கு ஆறு மாதம் ஆகலாம், இடைநிலைக்கு ஓராண்டுக்கு மேல். உயர்நிலைக்கு என்னால் காலக்கெடு சொல்ல முடியாது. ஓர் ஆண்டு எடுத்த முடிவுகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் திருத்திப் பார்ப்பதுதான் அதன் பாடத்திட்டம்.

கடைசியாக, எழுதும் முறையைப் பற்றி. ரிச்சர்டு ரூமெல்ட் என்ற உத்தித்துறைப் பேராசிரியர், நல்ல உத்தியின் உள்ளே மூன்று இருக்க வேண்டும் என்கிறார்: சிக்கல் எங்கே என்ற நோயறிதல், அதை எதிர்கொள்ளும் பொதுவான வழி, அந்த வழிக்கு இசைந்த செயல்கள். இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நோயறிதலில் ‘போட்டி அதிகம்’ என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது யாருக்கும் பொருந்தும். ‘கடை வியாபாரத்தில் 70 நாள் பணம் மாட்டிக்கொள்வதால் பருவத்தில் வத்தல் வாங்க முடிவதில்லை; அதனால் கலவையில் அப்பாவுக்கு இருக்கும் திறன் முழு விலை பெறுவதில்லை’ என்று எழுதினால், அது உங்கள் ஆலைக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் கணக்கு வேறொன்றைக் காட்டினால் அதை எழுதுங்கள். நான் சொன்னது கடிதத்தை வைத்து நான் செய்த ஊகம். பொதுவான வழியை எழுதியதும், அதன்படி 34 சரக்கில் எவற்றை நிறுத்துவீர்கள், எந்த லைனுக்கு வண்டி போகாது, மூன்று நிறுவனங்களில் யாரிடம் புது விலை பேசுவீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மறுக்கும் இடங்களில் அவர் சொல்லும் காரணத்தையும் அதே பக்கத்தில், அவருடைய சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தை முடிந்து மாசி பிறக்கும்போது குண்டூரில் புது வத்தல் வரத்து சூடுபிடிக்கும். அதற்குள் முதல் பக்கம் முடிந்திருந்தால், இந்த ஆண்டு எவ்வளவு பணத்தை வத்தலில் போடுவது என்பதுதான் அதைச் சோதிக்கும் முதல் முடிவு. வாங்கும் நாளன்று தேதி போட்டு எழுதிவையுங்கள். ஐப்பசியில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, வேறு நிற மையில் அடுத்த வரியை எழுதுங்கள். விரும்பினால் எனக்கும் அனுப்புங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.